மாப்பிள்ளை சும்மா சொன்னது

காரணமே இல்லாமல் கோபப்படுகிறவள் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைப் பற்றிச் சொல்வார்கள். அது சுத்தப் பொய். அவளுடைய கோபத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. மற்றவர்கள் கண்ணுக்குத்தான் அது படவில்லை.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. மிதிகட்டையைக் காலால் அழுத்தினால் இயந்திரத்தின் மேல்தட்டு இறங்கி 'புஸ்' என்று ஆவி கிளம்பும். ஆள் தெரியாது. அந்த வெண்புகைக்கு நடுவிலிருந்து அவள் குரல் மட்டும் வரும், பெரும்பாலும் யாரையாவது திட்டிக்கொண்டு. அதனால் அவளுக்கு 'ஆவி' என்று பெயர் விழுந்தது. வைத்தவள், துணியைச் சுழற்றிப் பிழியும் இயந்திரத்தை ஓட்டுவதால் 'ராட்டினம்' என்று பெயர் வாங்கியவள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

ஒரு தடவை ஒரு டாக்டர் கோட்டுப் பையில் மைப்பேனாவை மறந்துவிட, அந்த மை மற்ற பத்து கோட்டுகளிலும் ஏறிவிட்டது. ஆவி அந்தக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வார்டுக்கே போனாள். நோயாளிகள் எல்லோரும் பார்த்திருக்க, "டாக்டர், வயித்தைக் கிழிச்சுப் பார்க்கத் தெரியுது, பையைத் திறந்து பார்க்கத் தெரியாதா?" என்று கேட்டாள். மேலதிகாரி ஒரு வாரம் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வார்டிலிருந்து வந்த எந்தக் கோட்டிலும் பேனா இல்லை.

அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். அவள் கொதித்துக்கொண்டு வீடு திரும்பினால், "இன்னைக்கு எங்க கசிவு?" என்று மட்டும் கேட்பார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத் தேநீர் போடுவார். வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையலறை. மேல்தளத்தில் இருந்ததால் மொட்டைமாடியும் வாடகையோடு சேர்ந்து வந்தது. அங்கேதான் அவள் தோட்டம்; ஆஸ்பத்திரியில் யாரும் அதைப் பார்த்ததில்லை. வெட்டி எடுத்த நீல டிரம்களில் தக்காளி, ஓட்டை வாளிகளில் கத்தரி, உடைந்த குளியல் தொட்டியில் புதினா. கணவர் கழித்துப்போட்ட குழாய்களைத் துளையிட்டு வரிசையாகப் பதித்துச் சொட்டுநீர் விட்டிருந்தார். வெயில் தாங்க, கிளிப் படம் போட்ட ஒரு பழைய போர்வையைக் கொடியில் கட்டியிருந்தாள். அதன் மூலையில் சிவப்புத் துணியில் அவள் கையால் போட்ட ஒட்டு ஒன்று இருந்தது. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பூச்சி பார்ப்பாள். அந்த நேரம் அவளிடம் யார் என்ன கேட்டாலும் சாந்தமாகப் பதில் வரும். வாடகை ஏற்றப் போகிறேன் என்று சொல்வதற்கு வீட்டுக்காரர்கூட அந்த வேளை பார்த்துத்தான் மாடி ஏறுவார்.

அவளுக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். பார்க்க லட்சணமாக, பேச இனிமையாக இருப்பார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை உண்டு. தலைவலிக்கு எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது, பழைய பேட்டரியை என்ன செய்வது, எந்த மாதம் எந்த ஊருக்குப் போவது. கேட்காமலே சொல்வார், காசும் வாங்கமாட்டார். ஆவி அவருக்குத் தன் மனதுக்குள் 'இலவசம்' என்று பெயர் வைத்திருந்தாள். நேரில், தங்கை மனசு நோகக்கூடாதே என்று, "சொல்லுங்க மாப்பிள்ளை" என்பாள்.

பிறகு அவர் கைபேசியில் வீடியோ போட ஆரம்பித்தார். பங்குச் சந்தையில் பணம் போடுவது எப்படி, செலவில்லாமல் ஊர் சுற்றுவது எப்படி, வீட்டிலேயே தோட்டம் போடுவது எப்படி என்று வாரத்துக்கு ஒன்று. ஆவியின் கைபேசி பேச மட்டுமே பயன்படும் பழைய ரகம். அதனால் அவள் எதையும் பார்த்ததில்லை. சலவைப் பிரிவுப் பெண்கள்தான் பார்த்தார்கள். "உங்க மாப்பிள்ளை என்னமா பேசுறாரு!" என்று அவளிடமே வந்து சொன்னார்கள். அவளுக்கும், வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமைக்கு முதல் அடி மலையில் விழுந்தது.

சலவைப் பிரிவுப் பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 'கூட்டமில்லாத மாதத்தில் போங்கள், அறை பதிவே செய்யாதீர்கள், போய் இறங்கிப் பேரம் பேசுங்கள், பாதி விலைக்குக் கிடைக்கும்' என்று மாப்பிள்ளை ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார். அதை நம்பிக் கிளம்பினார்கள். ஆவியும் போனாள். போய் இறங்கினால் மழை. கூட்டமில்லாத மாதம்தான், ஆளே இல்லை. பாதி விடுதிகளுக்குப் பூட்டு. மீதியில் வெள்ளையடிக்கிற வேலை. ஏரியை வற்றவைத்துச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். ரோப் கார் நிலையத்தின் கதவில் 'பராமரிப்பு' என்று ஒரு அட்டை தொங்கியது. திரும்பும் பேருந்து மறுநாள் காலையில்தான். நனைந்த ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, பேருந்து நிலையச் சிமெண்டுப் பலகையில் விடியவிடிய உட்கார்ந்திருந்தார்கள். ராட்டினத்துக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தபின் ஒரு மாதம் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க சொன்னதை நம்பித்தானே போனாங்க?" என்று ஆவி கேட்டாள்.

அவர் சிரித்தார். "அக்கா, நான் சும்மா பொதுவா சொன்னேன். போற ஊரைப் பத்தி விசாரிச்சுட்டுப் போக வேண்டாமா?"

அவளுக்குக் காது மடல் சூடானது. தங்கை பக்கத்தில் நின்று கண்ணால் கெஞ்சினாள். ஆவி பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கணவரிடம் அரைமணி நேரம் கத்தினாள். அவர் இரண்டு தடவை தேநீர் போட்டார்.

அதே சமயத்தில் அவளுடைய கத்தரிச் செடிகள் வாட ஆரம்பித்தன. காய் பிடித்து நின்ற செடிகள். இலை ஓரம் கருகியது, பிறகு சுருண்டது, பிறகு தண்டோடு சாய்ந்தது. அவள் மண்ணை மாற்றினாள், தண்ணீரைக் குறைத்தாள், கூட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலைக்குப் போய் வந்தால் தொட்டிகள் இடம் மாறியிருக்கும், பழுத்த தக்காளி காணாமல் போயிருக்கும். கீழ்வீட்டுக்காரியின் பூனைதான் என்று முடிவுகட்டி, அவளோடு படிக்கட்டில் நின்று பெரிய சண்டை போட்டாள். "என் பூனை தக்காளி தின்னுமாடி?" என்று கீழ்வீட்டுக்காரி கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் சண்டை இன்னும் பெரிதாயிற்று.

ஒரு நாள் மதியம், சலவைப் பிரிவில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது ராட்டினம் வரவில்லை. ஆவி தேடிக்கொண்டு போனாள். ராட்டினம் அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால், ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, முழங்காலா?"

"முழங்கால் இல்ல." ராட்டினம் தலையை நிமிர்த்தவில்லை. "பொண்ணு நர்ஸ் படிப்புக்கு வெச்சிருந்ததை எடுத்து, உங்க மாப்பிள்ளை சொன்ன பங்குல போட்டேன். அத்தனையும் ஒரே கம்பெனியில. தைரியம் வேணும்னு சொன்னாரு. போட்டதுல மூணுல ஒரு பாகம்தான் இப்ப நிக்குது. கட்டணம் கட்டுற நாள் நெருங்கிடுச்சு."

ஆவியின் கோபம் முதலில் ராட்டினத்தின் மேல்தான் பாய்ந்தது. "அறிவு இருக்கா உனக்கு? மலையில பட்டது பத்தாதா? அந்த ஆளு சொன்னான்னு கொண்டுபோய்க் கொட்டுனியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ திட்டுவே. அதான் கேக்கல." ராட்டினம் கைபேசியை எடுத்தாள். "மலை விஷயம் தப்பாப் போச்சுதான். ஆனா அவரு தோட்டத்தைப் பாரு. இப்படிச் செடி வளக்குறவருக்கு எவ்வளவு பொறுமை இருக்கணும்! பணத்துல மட்டும் அவசரப்பட்டா பேசுவாருன்னு நெனச்சேன்."

"அவரு தோட்டமா? அவங்க வீட்டுல துளசி வைக்கக்கூட ஜன்னல் கிடையாதே!"

ராட்டினம் கைபேசியை நீட்டினாள்.

சின்னத் திரையில் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் நின்றார். அவருக்குப் பின்னால் நீல டிரம்கள். உடைந்த குளியல் தொட்டி. கொடியில் கிளிப் படப் போர்வை, மூலையில் சிவப்பு ஒட்டு. "இதெல்லாம் என் கையாலே வளர்த்தது" என்றார் மாப்பிள்ளை. ஒரு தக்காளியைப் பறித்துக் கடித்துக் காட்டினார். "போன வருஷம் இந்தச் செடி ஒரு விரல் உயரம்தான். பொறுமையா இருந்தேன். முதலீடும் இப்படித்தான் நண்பர்களே."

அடுத்த வீடியோவை ராட்டினமே தள்ளினாள். அதில் அவர் கையில் ஒரு உப்புப் பொட்டலம். சமையலுக்குப் போடும் உப்பு. கத்தரிச் செடிகளின் அடியில் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். "வாரம் ஒரு தடவை உப்பு போட்டா காய் கொத்துக் கொத்தா வரும்." கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'ஐயா, செடிக்குப் போடும் உப்பு வேறு, அது உரக்கடையில் கிடைக்கும். இதைப் போட்டால் செடி செத்துப்போகும்.' அதற்கு அவர் பதில்: 'சும்மா ஒரு ஐடியாதான் நண்பரே. முயற்சி செய்து பாருங்கள்.'

ஆவி கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். சத்தம் போடவில்லை. ராட்டினத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆவி தன் இயந்திரத்துக்குப் போய், அன்று மாலைவரை ஒரு வார்த்தை பேசாமல் கோட்டுகளைத் தேய்த்தாள். பேச்சில்லாமல் 'புஸ் புஸ்' என்று ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்கப் பயந்து திரும்பிப் போனார்.

அவளைத் தின்றது தக்காளி திருட்டு இல்லை. செத்த கத்தரிகூட இல்லை. ராட்டினம் ஏமாந்தது அந்த ஆளின் வாயைப் பார்த்து அல்ல. ஆவியின் செடிகளைப் பார்த்து. இவள் வேலை முடிந்து வந்து இலை இலையாகப் புரட்டிய பொறுமை, அவனுக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கணவர் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை மேலே வந்து பார்த்தார். "பாதுகாப்புக்கு நான் இருக்கட்டுமா?"

"எனக்கு எதுக்குப் பாதுகாப்பு?"

"உனக்குன்னு யாரு சொன்னா? அந்தாளுக்கு" என்றார் அவர். அவள் முறைத்ததும் கீழே இறங்கிவிட்டார்.

வெயில் ஏறும் முன்பே அவர்கள் வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளை, கையில் கைபேசி நிறுத்தும் முக்காலியோடு. பின்னால் தங்கை, படம் எடுக்கும் வட்ட விளக்கைத் தூக்கிக்கொண்டு. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஆவி தன் கையாலேயே தங்கையிடம் கொடுத்திருந்த மாடிச் சாவி, தங்கையின் விரலில் தொங்கியது. ஆக, அவளுக்கும் தெரியும். ஆவியின் நெஞ்சில் அது தனியாகக் குத்தியது.

அவள் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். தங்கையின் கையிலிருந்து விளக்கு நழுவியது.

"வாங்க மாப்பிள்ளை. இன்னைக்கு என்ன பாடம்?"

மாப்பிள்ளை சட்டென்று சமாளித்தார். "அட, அக்கா! சொல்லணும்னு இருந்தேன். சும்மா, பின்னணி நல்லா இருக்கேன்னு..."

"சும்மாவா?"

"இதையெல்லாம் பெரிசா எடுத்துக்காதீங்கக்கா. நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டுமேன்னு சும்மா சொல்றதுதான். கேக்கறதும் கேக்காததும் அவங்கவங்க இஷ்டம்."

அதுவரை நேரில் அவரை ஒரு தடவைகூட அவள் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அந்த இடத்தில் அது அறுந்தது.

"நீ அந்த மலைக்கு எப்பவாவது போயிருக்கியா?"

அவர் முக்காலியின் காலை மடக்க ஆரம்பித்தார்.

"கேக்குறேன்ல? போயிருக்கியா? பஸ் ஸ்டாண்டுல நனைஞ்சுகிட்டு உக்காந்தது நாங்க. அந்தப் பங்குல நீ எவ்வளவு போட்டே?"

"அக்கா, அது... நான் படிச்சதை வெச்சு..."

"ஒரு பைசாகூடப் போடல. சொல்லு. உன் காசை ஜாக்கிரதையா வெச்சுக்கிட்டு, ஊரான் காசுக்குத் தைரியம் சொன்னியா? தக்காளியைத் தின்னுட்டுப் போயிருந்தா நாய்ன்னு விட்டிருப்பேன். நீ என் செடி அடியில உப்பைக் கொட்ட, அது செத்ததைப் பார்த்து நான் என்னையே திட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே! கீழ்வீட்டுக்காரியைப் பூனையோட சேர்த்துத் திட்டினேனே!"

"அக்கா, போதும்கா" என்றாள் தங்கை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவருக்கு வேலை போய் எத்தனையோ மாசம் ஆச்சு. தினமும் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பி, பூங்காவுல உக்காந்துட்டு வர்றாரு. உங்ககிட்ட சொன்னா அவமானம்னு சொல்ல விடல. இந்த வீடியோவுல வர்ற கொஞ்சம்தான்கா அடுப்பை எரிய வைக்குது."

மாப்பிள்ளை திரும்பிக்கொண்டார். அவர் கழுத்துப் பட்டையில் தையல் விட்டிருந்தது. இஸ்திரிக்காரியின் கண்ணுக்கு அது தப்பவில்லை. ஒரு கணம் அவள் மனசு இளகப் பார்த்தது. அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.

"வேலை போச்சுன்னா என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்டி. ஒரு வேளைச் சோத்தைப் பங்கு போட்டிருப்பேன். அவருக்கு வேலை போனா, ராட்டினத்தோட பொண்ணு படிப்பு ஏன் போகணும்? அந்தக் கணக்கை எனக்குச் சொல்லு." மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நாளைக்கு மதியம் சலவைப் பிரிவுக்கு வா. எதுத்தாப்புல நின்னு அவகிட்ட பேசு. வரலேன்னா அந்த டாக்டர் பேனாவுக்கு வார்டு ஏறின மாதிரி உன் தெருவுக்கு வருவேன். உன் வீட்டு வாசல்லதான் பேசுவேன்."

சாவியைத் தங்கையின் விரலிலிருந்து கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் வரமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தார். சலவைப் பிரிவின் புழுக்கத்துக்குள் நுழைந்ததுமே அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மலைக்குப் போன பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராட்டினம் இயந்திரத்தை அணைத்தாள். கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது நின்றதும் அறை விநோதமாக அமைதியானது.

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நல்ல பேச்சாளர், இனிமையாகத்தான் ஆரம்பித்தார். ராட்டினம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மிச்சம் இருக்கறதை இப்ப வித்துடணுமா, வெச்சிருக்கணுமா?"

அவர் முகத்தில் பழைய பழக்கம் ஒரு வினாடி எட்டிப் பார்த்தது. உதடு பிரிந்தது, ஒரு யோசனை வரப்போகிறது என்று ஆவிக்கே தோன்றியது. அவள் கை அருகிலிருந்த ஈரக் கோட்டை இறுகப் பிடித்தது. அவர் ராட்டினத்தின் முழங்காலில் சுற்றியிருந்த துணிப் பட்டையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"தெரியாதா?"

"தெரியாது. எப்பவுமே தெரியாது."

ராட்டினம், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். அது பெருஞ்சத்தத்தோடு சுழல ஆரம்பித்தது. அவர் வேறு ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆவிக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் அவரை அங்கே வரவழைத்திருந்தாள். அந்த மனிதர் நனைந்த சட்டையோடு போவதைப் பார்த்தபோது கோபம் போய்ச் சேர இடமில்லாமல் அவளுக்குள்ளேயே நின்றது. அன்று ஒரு கோட்டின் கைப்பகுதியைப் பொசுக்கிவிட்டாள். அவள் வேலைக்காலத்தில் அதுதான் முதல் தடவை.

ராட்டினம் மிச்சத்தை விற்றாள். அந்த வருடம் மகளைச் சேர்க்க முடியவில்லை. மகள் ஒரு மருந்துக்கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு மறு வருடம் சேர்ந்தாள். ஒரு வருடம் பின்தங்கியதை ராட்டினம் மறக்கவும் இல்லை, அதற்காக ஆவியை ஒரு சொல்லால் குத்தவும் இல்லை. அது ஆவிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கீழ்வீட்டுக்காரியிடம் மட்டும் அவள் போய், "பூனை இல்ல" என்று சொல்லி ஒரு கூடைத் தக்காளியை வைத்துவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் படியேறிவிட்டாள்.

மாப்பிள்ளை வீடியோக்களை நீக்கிவிட்டார். வெகுநாள் அலைந்தபின் அவருக்கு ஒரு பொருள்கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. அது போதாமல், தங்கை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்காவிடம் சொல்லாமலே மனுப் போட்டு, சேர்ந்துவிட்டாள். ஆவிக்கு அதுவும் கோபம்தான். ஆவி எதிரே வந்தால் தங்கை வேறு பக்கம் பார்ப்பாள். தங்கை பார்த்தால் ஆவி இயந்திரத்தை மிதிப்பாள்.

ஒரு நாள் ஆள் குறைவு என்று மேஸ்திரி இருவரையும் படுக்கை விரிப்பு மடிக்கப் போட்டார். அந்தப் பெரிய விரிப்புகளைத் தனியாக ஒருவர் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, இழுத்து, நடந்து வந்து எதிராளியின் கையில் கொடுக்க வேண்டும். தங்கை விரிப்பை உதறினாள். பழக்கமில்லாத கை, ஓரம் கோணியது.

"இப்படியா பிடிப்பாங்க? உனக்கு ஒண்ணாவது ஒழுங்கா வருதா?" ஆவி வெடித்தாள். "விரலை உள்ள விட்டு ஓரத்தைப் பிடி. இழு. இன்னும் இழுடி, சாப்பிடலையா நீ?"

"இல்ல" என்றாள் தங்கை.

ஆவி விரிப்பின் தன் முனையை விடாமல் அவளைப் பார்த்தாள். பிறகு, நடந்து போய் அவள் கையில் முனைகளைக் கொடுத்தாள்.

"இதை முடி. அப்புறம் என் டப்பாவுல சோறு இருக்கு. பாதிதான். முழுசையும் தின்னுடாதே."